தட்டைக் கோட்டை நம்பாதே, அழுக்கைக் கேள்!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாப் பக்க நியாயத்தையும் பொறுமையாக அலசும் பதிவு இல்லை இது. கொஞ்சம் கடுப்பில்தான் எழுதுகிறேன். இயற்பியல் படிக்காதவர்களும் தைரியமாகத் தொடரலாம், சமன்பாடு ஒன்றுகூட வராது. படிக்கிறவர்கள் சண்டைக்கு வரலாம், அதற்காகத்தான் எழுதுவதே :-)

கடுப்பு என்னவென்றால், காந்தத் தன்மையுள்ள டோபாலஜிக்கல் இன்சுலேட்டர் பற்றி யார் செமினார் எடுத்தாலும் கடைசியில் ஒரு கிராஃப் வரும். அதில் ஒரு தட்டையான கோடு இருக்கும். "பார்த்தீர்களா, பீடபூமி! ஆகவே இது இன்ன நிலை" என்று முடித்துவிடுவார்கள். கைதட்டல், டீ, பிஸ்கட். அந்தத் தட்டைக் கோடு வேறு எப்படியெல்லாம் வரலாம் என்று யாராவது கேட்டால் "டைம் ஆச்சு" என்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். டோபாலஜிக்கல் இன்சுலேட்டர் என்றால் உள்ளே மின்சாரம் கடத்தாது, மேற்பரப்பு மட்டும் கடத்தும். பிஸ்மத் செலினைடு, பிஸ்மத் டெல்லுரைடு, ஆண்டிமனி டெல்லுரைடு, இந்த மூன்றும் அப்படிப்பட்டவை என்று 2009-ல் கணித்தார்கள். மேற்பரப்பில் ஓடும் எலக்ட்ரானின் ஸ்பின் அது போகும் திசையோடு கட்டிப்போட்டது போல இருக்கும். வலப்பக்கம் போனால் ஸ்பின் ஒரு பக்கம், இடப்பக்கம் போனால் எதிர்ப்பக்கம். நிறையே இல்லாத துகள் போல ஓடும். இதற்குள் காந்தத்தைக் கொண்டுவந்தால் அந்த மேற்பரப்பு எலக்ட்ரானுக்கு ஒரு 'நிறை' வந்துவிடும், மேற்பரப்பிலும் ஆற்றல் இடைவெளி திறக்கும். காந்தம் மேல்நோக்கி இருந்தால் நிறை ப்ளஸ், கீழ்நோக்கி இருந்தால் மைனஸ். இந்தக் குறியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தப் பதிவின் சண்டையே அதைப் பற்றித்தான்.

ஒரு மெல்லிய படலத்துக்கு மேல் பரப்பு, கீழ்ப் பரப்பு என்று இரண்டு உண்டு. இரண்டிலும் காந்தம் ஒரே திசையில் இருந்தால் விளிம்பில் ஒருவழிப் பாதை ஒன்று உருவாகி, வெளிக் காந்தப்புலமே இல்லாமல் ஹால் மின்தடை சுமார் 25,813 ஓம் என்று குவாண்டமாக நிற்கும். இதுதான் குவாண்டம் அனாமலஸ் ஹால் விளைவு. 2013-ல் பெய்ஜிங் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் குரோமியம் கலந்த படலத்தில், 30 மில்லி கெல்வினில் முதலில் பார்த்தார்கள். மேலும் கீழும் எதிரெதிர்த் திசையில் இருந்தால் அதற்குப் பெயர் ஆக்சியான் இன்சுலேட்டர். மேல் பரப்பு அரைப் பங்கு ப்ளஸ், கீழ்ப் பரப்பு அரைப் பங்கு மைனஸ், கூட்டினால் பூஜ்யம். மூன்றாவதாக, படலம் ரொம்ப மெல்லிசாக இருந்தால் மேலும் கீழும் ஒன்றோடொன்று கலந்துபோய் சாதாரண இன்சுலேட்டர் ஆகிவிடும். அதற்கும் ஹால் கடத்துதிறன் பூஜ்யம்.

இப்போது புரிகிறதா வில்லங்கம்? ஆக்சியான் இன்சுலேட்டருக்கான அடையாளம் என்று 2017, 2018-ல் வந்த கட்டுரைகளில் காட்டியது பூஜ்ய ஹால் பீடபூமி. வரவு ஐயாயிரம், செலவு ஐயாயிரம் உள்ளவன் கையிலும் பூஜ்யம். பத்து பைசாவுக்கு வழியில்லாதவன் கையிலும் பூஜ்யம். கையிருப்பை மட்டும் பார்த்து "இவர் பெரிய வியாபாரி" என்று சொல்வீர்களா? அது மட்டுமா, காந்தத் திசை புரளும் அந்த இடைப்பட்ட புலத்தில், குவாண்டம் அனாமலஸ் ஹால் படலமே பூஜ்ய பீடபூமி காட்டும். இதுவும் 2015 வாக்கிலேயே தெரிந்த சங்கதிதான். அந்தப் பரிசோதனைகளைச் செய்தவர்கள் இதை அறியாதவர்கள் இல்லை. மேல் கீழ் அடுக்குகள் வேறுவேறு புலத்தில் புரளும்படி படலத்தைக் கட்டி, கூடுதல் ஆதாரமும் காட்டினார்கள். ஆனால் அதற்கப்புறம் அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் பூஜ்யத்தை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

இதனால் என்ன கெட்டுப்போச்சு என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு கதை. 2017-ல் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை. குவாண்டம் அனாமலஸ் ஹால் படலத்தின் மேல் ஒரு சூப்பர்கண்டக்டர் பட்டையைப் போட்டார்கள். கடத்துதிறனில் சரியாகப் பாதி மதிப்பில் ஒரு தட்டைக் கோடு. ஆகவே மயோரானா துகள்! "தேவதைத் துகள்" என்று செல்லப்பெயர் வேறு. உலகம் பூராவும் பத்திரிகைகளில் வந்தது. 2018-லேயே சில கோட்பாட்டாளர்கள் "இந்தப் பாதி வேறு சாதாரணக் காரணத்தாலும் வருமே" என்றார்கள். 2020-ல் அதே சயின்ஸ் இதழில் இன்னொரு குழு முப்பதுக்கும் மேற்பட்ட சாதனங்களைச் செய்து பார்த்துவிட்டு, சூப்பர்கண்டக்டர் படலத்தை நன்றாகத் தொட்டாலே அந்தப் பாதி வந்துவிடுகிறது, மயோரானாவே தேவையில்லை என்று காட்டியது. காரணம் என்ன தெரியுமா? பட்டை சும்மா ஒரு உலோகத் துண்டு மாதிரி குறுக்கே ஷார்ட் செய்கிறது. இடப்பக்கம் ஒரு குவாண்டம் மின்தடை, வலப்பக்கம் ஒரு குவாண்டம் மின்தடை. இரண்டு ரெசிஸ்டன்ஸ் தொடர் இணைப்பில்! பத்தாம் வகுப்புப் பாடம். கடத்துதிறன் பாதியாகாமல் வேறென்ன ஆகும்? 2022-ல் சயின்ஸ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது.

ஐந்து வருடம். ஒரு பி.எச்.டி.யின் மொத்த ஆயுள். அந்தத் தட்டைக் கோட்டை நம்பித் தலைப்பு எடுத்தவர்கள், அதற்கு மேல் கணக்குப் போட்டவர்கள், அது தங்கள் லேபில் வரவில்லையே என்று தங்களையே நொந்துகொண்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்கள் பெயர் எந்தத் திரும்பப் பெறும் அறிவிப்பிலும் வராது. நம் வகுப்பில் இரண்டு மூன்று பேர் இதே துறைக்குள் போகும் யோசனையில் இருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு கத்துகிறேன்.

சரி, திட்டிவிட்டாய், மாற்று வழி என்ன என்கிறீர்களா? அழுக்கு. அதாவது மாசு அணுக்கள்.

நமக்குச் சின்ன வயதிலிருந்து மாசு என்றால் துடைத்துப் போட வேண்டியது என்றே பழக்கம். "சாம்பிள் சுத்தமாக இல்லை, அதனால்தான் ரிசல்ட் வரவில்லை" என்பது எல்லா லேபிலும் ஓடும் வசனம். ஆனால் வரலாறு வேறு மாதிரி. 1934-ல் தங்கத்தைக் குளிரவைத்தபோது மின்தடை குறைந்துகொண்டே போய், ஒரு இடத்தில் மறுபடி ஏற ஆரம்பித்தது. முப்பது வருடம் யாருக்கும் காரணம் புரியவில்லை. 1964-ல் ஜுன் கோண்டோ சொன்னார்: உள்ளே இருக்கும் கொஞ்சூண்டு காந்த மாசு அணுக்களின் வேலை அது என்று. அந்த அழுக்கிலிருந்து ஒரு பெரிய துறையே முளைத்தது. மேலே சொன்ன 2013 பரிசோதனையும் குரோமியம் என்ற மாசைக் கலந்ததால்தானே சாத்தியமானது!

மாசு அணுக்களின் ஸ்பின்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேசும் என்பதற்கு ஆர்.கே.கே.ஒய். என்று பெயர். ரூடர்மேன், கிட்டல், கசுயா, யோசிடா, 1954 முதல் 1957 வரை எழுதியவர்களின் முதலெழுத்துகள். வீட்டில் அப்பாவும் அம்மாவும் கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பார்கள் பாருங்கள். "டேய், அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "பசிக்கலைன்னு சொல்லுடா." நடுவில் நாம் அல்லாடுவோம். அதேதான். தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு மாசு ஸ்பின்கள் நேரடியாகப் பேசாது. நடுவில் ஓடும் எலக்ட்ரான்தான் சேதி கொண்டுபோகும். சாதாரண உலோகத்தில் அந்தச் சேதி தூரத்தைப் பொறுத்து ஒரு முறை "ஒரே திசையில் நில்", அடுத்து "எதிர்த்திசையில் நில்" என்று அலைபாயும். டோபாலஜிக்கல் இன்சுலேட்டர் மேற்பரப்பில் தூதுபோகும் பிள்ளை கொஞ்சம் குசும்பு பிடித்தது. சேதியைத் திருகிச் சொல்லும். ஒரு ஸ்பினுக்கு மற்றது செங்குத்தாகச் சாய்ந்து நிற்கப் பார்க்கும். டிசியாலோஷின்ஸ்கி-மோரியா வகைத் திருகல் இது.

இதில் விசேஷம் என்னவென்றால், சேதி எவ்வளவு தூரம் போகும், எப்படித் திருகும் என்பதைத் தீர்மானிப்பது தூதுபோகும் எலக்ட்ரான்தான். ஆகவே இரண்டு மாசு அணுக்களின் பேச்சை ஒட்டுக்கேட்டால் எலக்ட்ரானின் யோக்கியதை தெரிந்துவிடும். மேற்பரப்பில் இடைவெளியே இல்லை, ஃபெர்மி மட்டமும் சரியாக டிராக் புள்ளியில் இருக்கிறது என்றால் பேச்சு தூரத்தின் மூன்றாம் படிக்குத் தலைகீழாகக் குறையும். இடைவெளி திறந்திருந்தால் அதிவேகமாக, எக்ஸ்பொனென்ஷியலாக அறுந்துபோகும். பிஸ்மத் செலினைடு மாதிரியான பொருளின் வேகத்தையும் 50 மில்லி எலக்ட்ரான் வோல்ட் இடைவெளியையும் வைத்துக் கணக்குப் போட்டால் அறுந்துபோகும் தூரம் 6, 7 நானோமீட்டர் வருகிறது. அளக்க முடியாத தூரமில்லை.

இதுவரை கேட்டால் நான் கோட்பாட்டுக்காரர்களின் கட்சி மாதிரி தெரியும். இல்லை. அவர்களுக்கும் இருக்கிறது.

"ஆர்.கே.கே.ஒய். மூலம் காந்த நிலைகளைப் பிரித்தறியலாம்" என்ற வரி எழுதுவது ரொம்பச் சுலபம். கணினியில் நாலு வளைவு வரைந்து, கடைசிப் பத்தியில் "இதை எஸ்.டி.எம். கருவியால் அளக்கலாம்" என்று ஒரு வரி போட்டால் கட்டுரை ரெடி. எந்த அணு, எந்தப் பரப்பு, எத்தனை கெல்வின்? மூச்.

முதல் கேள்வி: இரண்டு மாசு அணுக்களும் ஒரே பரப்பில் இருந்தால் நிறையின் குறி தெரியுமா? தெரியாது! இதற்குப் பெரிய கணக்கே வேண்டாம். படத்தைப் பின்னோக்கி ஓட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். காந்தத் திசை திரும்பும், இரண்டு மாசு ஸ்பின்களும் திரும்பும், ஆற்றல் மாறாது. ஆனால் அவற்றின் பேச்சில் இரண்டு ஸ்பின்களும் பெருக்கலாக வருகின்றன. மைனஸ் இன்டூ மைனஸ் ப்ளஸ். ஆக நிறை ப்ளஸ்ஸாக இருந்தாலும் மைனஸாக இருந்தாலும் பேச்சு ஒன்றுதான். மேல் பரப்பில் மட்டும் இரண்டு அணுவை வைத்துக்கொண்டு "கீழே என்ன திசை" என்று கேட்பது, பக்கத்து வீட்டுச் சமையலை நம் வீட்டுக் குழம்பை ருசித்துக் கண்டுபிடிப்பது மாதிரி.

அப்படியானால் ஒரு அணு மேலே, ஒரு அணு கீழே வைக்க வேண்டும். அல்லது படலம் மெல்லிசாக இருந்து இரண்டு பரப்பும் கொஞ்சம் கலக்க வேண்டும். இங்கேதான் உண்மையான அழகு இருக்கிறது. காந்தம் தரும் நிறை ஒன்று, இரு பரப்பும் கலப்பதால் வரும் இடைவெளி ஒன்று. காந்தங்கள் எதிரெதிராக இருந்தால் இவை இரண்டும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள் மாதிரி. மொத்த இடைவெளி கர்ணம், பித்தாகரஸ் கணக்கு. கர்ணம் எப்போதாவது பூஜ்யமாகுமா? ஆகாது. காந்தங்கள் ஒரே திசையில் இருந்தால் இரண்டும் நேரடியாக மோதும். ஒரு பட்டையில் கூட்டல், இன்னொரு பட்டையில் கழித்தல். இரண்டும் சமமாகும் இடத்தில் கழித்தல் பூஜ்யமாகி இடைவெளி மூடும். அந்தப் புள்ளியைத் தாண்டினால்தான் குவாண்டம் அனாமலஸ் ஹால் நிலை. ஆக ஒரு நிலையில் மாசுகளின் பேச்சுக்கு ஒரே ஒரு நீள அளவு. மற்றதில் இரண்டு நீள அளவு, அதில் ஒன்று நிலைமாற்றத்தின்போது எல்லையில்லாமல் நீளும். அந்த இடத்தில் எக்ஸ்பொனென்ஷியல் போய் மூன்றாம் படி வந்துவிடும். பூஜ்யத்தையும் பூஜ்யத்தையும் ஒப்பிட்டு முழிப்பதைவிட இது எவ்வளவோ மேல் இல்லையா?

ஒரே பரப்புக்காரர்களுக்கும் ஒரு ஆறுதல் உண்டு. குறி தெரியாவிட்டாலும், குறி மாறும் கணம் தெரியும். ப்ளஸ்ஸிலிருந்து மைனஸுக்குப் போக நிறை பூஜ்யத்தைத் தாண்டித்தானே ஆகணும்? காந்தப்புலத்தை மெதுவாக ஏற்றும்போது அதே இரண்டு அணுக்களின் பேச்சு திடீரென்று நீண்டு, மறுபடி சுருங்கினால், அந்தப் பரப்பு புரண்டுவிட்டது என்று அர்த்தம். மாங்கனீஸ் பிஸ்மத் டெல்லுரைடில் இதைச் செய்து பார்க்கலாம். ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் காந்தம் ஒரே திசை, அடுத்த அடுக்கு எதிர்த்திசை, சுமார் 25 கெல்வினுக்குக் கீழே. அடுக்குகளின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் மேலும் கீழும் ஒரே திசை, இரட்டைப்படை என்றால் எதிர்த்திசை. 2020-ல் ஐந்து அடுக்கில் 1.4 கெல்வினில் குவாண்டம் அனாமலஸ் ஹால் விளைவும், ஆறு அடுக்கில் ஆக்சியான் நிலையிலிருந்து காந்தப்புலத்தால் செர்ன் நிலைக்கு மாறுவதும் வெளியானது.

இதே பொருளில் இன்னொரு வழக்கும் இருக்கிறது. மேற்பரப்பில் பெரிய இடைவெளி உண்டு என்று 2019-ல் கண்டுபிடிப்புக் கட்டுரை சொன்னது. அதே வருடம் ஃபிசிக்கல் ரிவ்யூ எக்ஸ் இதழில் மூன்று குழுக்கள் கூர்மையாக அளந்துவிட்டு "இடைவெளியைக் காணோம்" என்றார்கள். மாசுகளின் பேச்சு எக்ஸ்பொனென்ஷியலாக அறுகிறதா, படிக்கணக்கில் குறைகிறதா என்பது இதற்கு நேரான சாட்சி. ஆனால் ஒன்று, இந்தப் பொருள் இயல்பாகவே எலக்ட்ரான் மிகுந்தது. ஃபெர்மி மட்டம் மேல் பட்டையில் போய் உட்கார்ந்திருக்கும். அப்படியிருந்தால் இடைவெளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பழைய உலோக அலைபாய்தல்தான் வரும், சாட்சி பல்டி அடித்துவிடும். ஆண்டிமனியைக் கலந்து ஃபெர்மி மட்டத்தைக் கீழே இறக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும். இதைச் சொல்லாமல் "பிரித்தறியலாம்" என்று எழுதுவது அரை வேலை.

விளிம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. செர்ன் நிலையின் விளிம்பில் இரண்டு மாசு அணுவை வைத்தால் அந்த அற்புதமான ஒருவழிப் பாதை வழியாக ரொம்ப தூரம் பேசுமே என்று தோன்றும். எளிய கணக்கில் அது நடக்காது. ஆர்.கே.கே.ஒய். என்பது போய்வரும் வேலை. ஒருவழிப் பாதையில் தூது போகும், பதில் திரும்பாது. போகவர இரண்டு பாதையும் உள்ள குவாண்டம் ஸ்பின் ஹால் விளிம்பில் பேச்சு தூரத்துக்குத் தலைகீழாகத்தான் குறையும், நீளமாகப் போகும். இங்கே மௌனம்தான் அடையாளம். கிராஃபில் ஒன்றுமே இல்லாததை வைத்துக் கட்டுரை எழுத எத்தனை பேருக்குத் துணிச்சல் இருக்கும் என்பது வேறு விஷயம்.

"இதெல்லாம் அளக்கவே முடியாது, சும்மா பேப்பர் பிசிக்ஸ்" என்பவர்களுக்கு: 2008-லேயே ஹாம்பர்க்கில் பிளாட்டினம் பரப்பில் உட்கார்ந்த தனித்தனி கோபால்ட் அணுக்களின் காந்த வளைவை, 0.3 கெல்வினில், ஸ்பின் உணரும் எஸ்.டி.எம். முனையால் எடுத்தார்கள். 2010-ல் இரண்டு அணுக்களுக்கு நடுவே உள்ள ஆர்.கே.கே.ஒய். தூரத்தையும் திசையையும் பொறுத்து எப்படி மாறுகிறது என்று வரைபடமே போட்டுவிட்டார்கள். 0.3 கெல்வின் வெப்பம் என்பது ஆற்றலில் ஒரு மில்லி எலக்ட்ரான் வோல்ட்டில் சுமார் நாற்பதில் ஒரு பங்குதான், அதனால் நுணுக்கமான பேச்சும் காதில் விழும். 2015-ல் ஐ.பி.எம். அல்மடென் கூடத்தில் ஒற்றை அணுவிலேயே ஸ்பின் ஒத்ததிர்வைக் காட்டினார்கள். அதே வருடம் குரோமியம் கலந்த டோபாலஜிக்கல் இன்சுலேட்டரில் மேற்பரப்பு நிறை இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்று எஸ்.டி.எம். படமே வந்தது. மொத்த மின்தடை இதையெல்லாம் சராசரி எடுத்து விழுங்கிவிடும். அந்தப் பொருள் 15 கெல்வின் வாக்கிலேயே காந்தமாகியும், குவாண்டம் விளைவு தெரிய 30 மில்லி கெல்வின் வரை இறங்க வேண்டியிருந்ததற்கு இந்த மேடுபள்ளத்துக்கும் பங்குண்டு.

கஷ்டம் இல்லை என்று சொல்லவில்லை. எஸ்.டி.எம். முனை மேல் பரப்பைத்தான் தொடும், கீழ்ப் பரப்பு அடித்தளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆக "மேலே ஒன்று கீழே ஒன்று" யோசனை இப்போதைக்குத் தாளில் மட்டும்தான். காந்தப்புலத்தை ஏற்றினால் அது மாசு ஸ்பின்களையும் பிடித்து இழுக்கும். 8 டெஸ்லாவில் அந்த இழுப்பு கிட்டத்தட்ட ஒரு மில்லி எலக்ட்ரான் வோல்ட், ஆர்.கே.கே.ஒய். பேச்சையே மூழ்கடிக்கும் அளவு. கழித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். மாங்கனீஸ் பிஸ்மத் டெல்லுரைடில் நாம் போடாமலேயே பிஸ்மத் இடத்தில் மாங்கனீஸ் போய் உட்கார்ந்திருக்கும் அணுக்கள் சில சதவீதம் உண்டு. அவையும் கூட்டத்தில் பேசும்.

இருக்கட்டும். யூஜி லேபில் பார்த்திருப்பீர்கள், விடை முதலில் தெரிந்துவிடும், ரீடிங் பின்னால் வரும் ;-) பாதி மதிப்புக்காகக் காத்திருப்பவனுக்குப் பாதி மதிப்பு கிடைத்தால் அதற்குமேல் தோண்ட மாட்டான். மாசு ஜோடி ஒவ்வொன்றாக, தூரம் தூரமாக அளப்பதில் அந்த வசதி கிடையாது. ஒற்றை எண்ணுக்குப் பதில் ஒரு முழு வளைவு பொருந்த வேண்டும்: எவ்வளவு தூரம், எந்தத் திருகல், எந்தப் புலத்தில் நீளுகிறது. ஒரு எண் தற்செயலாகப் பொருந்தலாம், ஷார்ட் சர்க்யூட்டால் பொருந்தலாம். இத்தனையும் சேர்ந்து பொருந்துவது அவ்வளவு சுலபமில்லை.

அடுத்த செமினாரில் யாராவது பூஜ்ய பீடபூமியைக் காட்டி "ஆக்சியான்" என்றால், கையைத் தூக்கிக் கேளுங்கள்: "சார், இதே படலம் சாதாரண இன்சுலேட்டராக இருந்தால் இந்தக் கோடு எப்படி இருக்கும்?" கோட்பாட்டுக்காரர் "பிரித்தறியலாம்" என்றால், "ரெண்டு அணுவும் எந்தப் பரப்பில் சார்?" என்று கேளுங்கள். பிஸ்கட் தட்டு காலியாவதற்குள் கேட்டுவிடுவது நல்லது.